சஹன் நடுவே ஒரு கறித்துண்டு

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம், எண்பத்து மூன்று ஐப்பசியில், ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. நான்கு பக்கக் குடும்பக் கதை, சுபமான முடிவு. ரசியா என்ற பெயரை சபியா என்று மாற்றியிருந்தேன். அது ஒன்றைத் தவிர அவள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ரசியாவும் நானும் பாகூர்ப் பக்கத்தில் ஒரே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். எனக்கு உள்ளூர், நடந்து போய்விடுவேன். அவள் வில்லியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்ததிலிருந்து மூடும்வரைக்கும் உள்ள இருபது நிமிஷம்தான் எங்கள் சிநேகிதம். அவள் சொன்னதெல்லாம் அந்த இருபது நிமிஷங்களில் சொன்னது. கதையாக்குவதற்கென்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பத்திரிகை வந்த மறு வாரம் வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்துவிட்டுக் கேட்டாள்.

"உன் கதையில அந்த மனுசன் பொண்டாட்டி பக்கம் கறித்துண்ட தள்றாரு இல்ல? எத்தினி துண்டு தள்றாரு?"

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணுதானா? ரெண்டாத்தான் தள்ளச் சொல்றது. உன் வூட்டுக் கறியா?"

சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், ஏனென்றால் அச்சில் பார்த்துவிட்டு அவள் கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். சிரித்து முடித்தபின் அவள் இன்னொன்று சொன்னாள். அதைக் கேட்டபிறகு எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அது என்ன என்பது இந்தக் கதையின் கடைசியில்தான் வரும். மறைத்துவைத்து வேடிக்கை காட்டுவதற்காக அல்ல. முன்னால் உள்ளது தெரியாமல் அது உங்களுக்கு வலிக்காது.

2

தொடக்கங்கள்.

"வில்லியனூர்க் கடைத்தெருவில் அந்தி மயங்கும் வேளையில், ரசியா பஸ்ஸை விட்டு—"

வேண்டாம். அந்தி மயங்கியதைப் பார்க்க அவளுக்கு நேரமிருந்ததே இல்லை.

"தாம்பத்தியத்தில் அன்பு என்பது பேசிப் புரியவைக்கும்—"

இதை அடித்துவிட்டேன். இது என் பழைய வியாதி.

"கறியை வதக்கி ரொட்டிக்குள் வைக்காமல், பச்சைக் கறியையே ரொட்டியில் அப்பிக் கவிழ்த்துச் சுட்டவள் எங்கள் பக்கத்தில் ரசியாதான்."

இது இருக்கட்டும். இது உண்மை, அவளுக்குப் பெருமையும்கூட. இந்தக் கதையில் அவளுக்குப் பெருமையாக உள்ளது இது ஒன்றுதான்.

3

ரசியாவின் வீட்டுக்காரர் கலீலுல்லாவுக்கு மதகடிப்பட்டில், விழுப்புரம் ரோட்டு ஓரமாக, சைக்கிள் சாமான் கடை. டியூப், டயர், செயின், பெடல். பேச்சுக் குறைந்த மனிதர். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ரசியாவுக்கு வேலை ஆர்டர் வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வேலைக்கிப் போ. ஆனா ராத்திரி சாப்பாடு உன் கையால வூட்டுச் சாப்பாடா இருக்கணும். ஓட்டல் சோறு எனக்கு ஆவாது."

அவள் சரியென்றாள். பத்து வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைவாள். ஏழே காலுக்கு அவர் வருவார். நடுவிலுள்ள நேரத்தில் சோறு, குழம்பு, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கும் மகள் ரோஷனின் வீட்டுப்பாடம், தண்ணீர் பிடிப்பது. ஒரு நாள் பஸ் தவறினாலும் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். அப்படி நின்ற நாளில் கலீலுல்லா கத்தமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருக்கும்.

எண்பத்தொன்றில் அவர் தங்கை பரிதா பிரான்சிலிருந்து லீவில் வந்தாள். அவள் புருஷனுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை. ரசியா அடுப்படியில் பறக்கிற பறப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னாள் (அண்ணியை அவர்கள் மச்சி என்பார்கள்).

"இன்னா மச்சி, தினம் இப்புடியா? அங்க வார நாள்ல யாரும் சமைக்க மாட்டாங்க. கொத்துக்கறிய வடை மாரி தட்டி, இரும்புச் சட்டியில போட்டு அமுக்கி, ரொட்டி நடுவுல வெச்சிக் குடுத்துடுவாங்க. பத்து நிமிசம்."

பரிதா செய்து காட்டினாள். கறிவடை தோசைக்கல்லில் உடைந்து உதிர்ந்தது. நடுவில் வைக்க வாங்கிய பன்னோ இனிப்பு. ரோஷன் துப்பிவிட்டாள். பரிதா ஊருக்குப் போகும்போது மஞ்சள் நிறத்தில் கடுகு விழுது அடைத்த ஒரு டியூபை விட்டுவிட்டுப் போனாள். கலீலுல்லா அதைப் பல் விளக்குவது என்று நினைத்துக் கிணற்றடிக்கு எடுத்துப் போனது தனிக் கதை.*

* அந்தக் கதை முதல் பிரசுரத்தில் இருந்தது. வாசகர் கடிதங்களில் பாராட்டியதெல்லாம் அந்த இடத்தைத்தான்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. பாகூர் பஸ் டயர் வெடித்து நின்று, ரசியா வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால். கமருதீன் கறிக்கடையில் அவளுக்கென்று கொத்தி வைத்த கறி காலையிலிருந்து காத்திருந்தது. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறிக் கொடுப்பார், கெடாது. வீட்டில் சோறில்லை. காலையில் சுட்ட சப்பாத்தி ஐந்து மிச்சம். அரைமணி நேரம்.

வடை உடைவதுதானே தொல்லை? உடையாமல் பிடித்துக்கொள்ள எதையாவது அடியில் கொடுத்தால்? கொத்துக்கறியில் இஞ்சி பூண்டும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுப் பிசைந்தாள். சப்பாத்தியின் ஒரு பக்கம் முழுக்க, ஓரம் வரைக்கும், மெல்லிசாக உள்ளங்கையால் அப்பினாள். கறிப்பக்கம் கீழே போகும்படி காய்ந்த கல்லில் கவிழ்த்தாள். சப்பாத்தியின் முதுகில் பித்தளைச் சொம்பை வைத்து அமுக்கினாள். சுர்ர்ரென்று ஒரு சத்தம், கறியின் கொழுப்பே எண்ணெயாக இறங்கி ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பிடித்த வாசனை. திருப்பிப் போட்டபோது கறி சப்பாத்தியோடு ஒட்டிக்கொண்டு ஒரே சிவப்பாக வந்தது. மேலே வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய்த் துண்டு, எலுமிச்சம்பழம் ஒரு பிழி, பரிதாவின் டியூபிலிருந்து ஒரு கோடு. பாதியாக மடித்தாள்.

ஏழே காலுக்குக் கலீலுல்லா வந்தபோது ஐந்து மடித்த ரொட்டி தயார். அவர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார்.

"இது இன்னா?"

"மடிச்ச ரொட்டி. நல்லா இல்லியா?"

"ம்."

அந்த 'ம்' நல்ல 'ம்'. பத்து வருஷத்தில் அவளுக்கு வித்தியாசம் தெரியும். ரோஷன் "அத்தா மூணு துன்னுட்டாரு" என்று கணக்குச் சொன்னாள். ரசியா கழுவுவதற்கு ஒரு கல்லும் ஒரு சொம்பும்தான் இருந்தன. அன்று அவள் படுக்கும்போது சிரித்துக்கொண்டே படுத்தாள் என்று எழுதலாம். எழுதிவிட்டேன், ஏனென்றால் அது நடந்தது.

4

இப்போது சஹனைப் பற்றிச் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சஹன் என்பது அகலத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறி வைத்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். விருந்தென்றால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வீட்டுக்குள் இவர்கள் மூன்று பேர்தான், ஒரே சஹன்தான். கலீலுல்லாவின் அம்மா காரைக்காலிலிருந்து கொண்டுவந்த, ஈயம் பூசிய செம்புத் தட்டு. பத்திரிகையில் படம் போட்டவருக்கு இது புரியாமல் சீர்வரிசைத் தாம்பாளமாக வரைந்து வைத்துவிட்டார், வெற்றிலையோடு.

சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு. அவரவர் எதிரில் உள்ளதைத்தான் தின்ன வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்க மட்டும் போகலாம்.

கலீலுல்லாவின் கை போகும். சோறு பாதி இறங்கும்போது, நடுவிலுள்ள கறியில் நெஞ்செலும்புத் துண்டு எதுவோ அதை விரல் நுனியால் ரசியாவின் பக்கம் தள்ளுவார். முகத்தைப் பார்க்க மாட்டார். சுவரையோ ரேடியோவையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து தள்ளினார். சண்டை போட்ட நாளிலும் தள்ளினார். வேலை ஆர்டர் வந்த அன்றும் தள்ளினார். சரியென்று அவர் சொன்னதை அவள் நம்பியது வாய் சொன்னதை வைத்து அல்ல, அன்று கை தள்ளியதை வைத்துத்தான்.

என்னிடம் இதைச் சொன்னபோது ரசியா, "அவருக்கு வாயி கையிலதான் இருக்குது அம்சா" என்றாள். அம்சா என்பது நான். அம்சவள்ளி.

இப்போது கவனியுங்கள். மடித்த ரொட்டியில் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? ஆளுக்கொன்று. எல்லாவற்றிலும் ஒரே கறி, ஒரே அளவு. நெஞ்செலும்பு கிடையாது. நடு கிடையாது. ஓரம் மட்டும்தான். கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் ரேடியோவுக்கும், ஒருவர் வீட்டுப்பாடத்துக்கும், ஒருவர் அடுப்படிக்கும் போகலாம். போனார்கள்.

ரசியாவுக்கு இது அப்போது தெரியவில்லை. அவளுக்குக் கிடைத்திருந்தது நேரம். நேரம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் வாரத்துக்கு ஒரு நாள் செய்ததை மூன்று நாள் செய்தாள், அப்புறம் வெள்ளிக்கிழமை நீங்கலாக எல்லா நாளும் செய்தாள். கறியில்லாத நாளில் முட்டை, அதுவும் இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு.

தை மாதம் கரும்பு வெட்டு தொடங்கியது. ரோட்டில் வண்டியும் சைக்கிளும் நெரிந்தன. கடையில் சாயங்காலம் ஆள் நின்றது.

"இந்த ரொட்டியக் கட்டி பஸ்ல குடுத்தனுப்பிடு" என்றார் கலீலுல்லா. "கடையிலேயே துன்னுக்கறேன். ஒரு மாசந்தான்."

ஆறு ஐம்பது பஸ்ஸின் கண்டக்டர் செல்லப்பன் தெரிந்தவர்தான். ரசியா இரண்டு ரொட்டியை வாழையிலையில் சுற்றி, துணிப்பையில் போட்டு ஸ்டாப்பில் நிற்பாள். "குடுங்க டீச்சர், சூடு ஆறதுக்குள்ள சேர்த்துடறேன்" என்று வாங்கிக்கொள்வார். மறுநாள் காலிப் பை திரும்பி வரும்.

ஒரு மாதம் போனது. வெட்டு முடிந்தது. பை போவது நிற்கவில்லை, வெள்ளிக்கிழமைகூட. அவர் வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை ஆகியிருக்கும், ரோஷன் தூங்கியிருப்பாள்.

5

கலீலுல்லாவைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

ஒரு காரணமும் இல்லாமல் ஒரு மனிதன் பதினாலு மாதம் வீட்டுக்குச் சாப்பிட வராமல் இருப்பானா? கதையில் இருக்க முடியாது. பத்திரிகை ஆசிரியர் குழு கேட்கும். அதனால் முதல் எழுத்துப் படியில் நான் இப்படி எழுதியிருந்தேன்:

"கலீலுல்லாவின் கடைக்குப் பக்கத்தில் ரோசம்மாள் என்ற தையல்காரி இருந்தாள். சாயங்கால வெயிலில் அவள் ஊசியில் நூல் கோக்கும்போது அவர் கண்கள்—"

ரசியாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ரோசம்மாவுக்கு அறுவது வயசு. அவங்களுக்கு நூல் கோத்துத் தர்றதே இவருதான்."

"கதைக்காகத்தான் ரசியா."

"பொம்பள யாரும் இல்லடி. இருந்தா நான் போயி மயிரப் புடிச்சி இழுத்துட்டு வந்துட மாட்டேனா? அங்க இருக்குறது ஒரு ஸ்டூலு, ஒரு ரேடியோ. ஸ்டூலோட இன்னான்னு சண்ட போடுறது?"

அடித்துவிட்டேன். அவள் சொன்னதை நான் நம்பினேன், நம்பப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனுக்குத் தனியாகச் சாப்பிடுவது சுகமாகப் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம். வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றார், வீட்டுச் சாப்பாடு பஸ் ஏறி வந்தது. வீட்டுக்கு அவர் போகவேண்டிய ஒரே காரணத்தை ரசியா வாழையிலையில் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள், தினமும், தன் கையாலேயே, சூடாக.

7

(ஆறாவது பகுதியில் வேலையை விட்டுவிடலாமா என்று ரசியா யோசிப்பதாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் யோசித்தாள்தான். ராஜினாமாக் கடிதம்கூட ரோஷனின் ரூல்டு நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதியிருந்தாள். ஆனால் அதை அச்சில் பார்த்தால் எங்கள் தலைமை ஆசிரியருக்குச் சந்தோஷமாகிவிடும்.)

எண்பத்து மூன்று பங்குனி, மறுபடியும் ஒரு புதன்கிழமை. ரசியா அரைநாள் லீவு போட்டாள். சீரகச் சம்பா அரிசி, நெஞ்செலும்போடு கறிக்குழம்பு. சஹனைப் புளி போட்டுத் தேய்த்தாள். சோற்றையும் குழம்பையும் தூக்கில் போட்டு, சஹனை வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, ரோஷனைக் கூட்டிக்கொண்டு ஆறு ஐம்பதுக்கு ஸ்டாப்பில் நின்றாள்.

செல்லப்பன் பைக்குக் கை நீட்டினார். ரசியா காலை எடுத்துப் படியில் வைத்தாள்.

"இன்னா டீச்சர், பார்சல் பெருசா இருக்குது?"

"இன்னிக்கி பார்சலே வருது" என்றாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கையில் இருந்த தூக்கு சுட்டது, மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெட்டி முடித்த கரும்புக் கட்டைகள். அவள் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை வார்த்தையில் போட்டால் வெட்கமாக இருக்கும். கை ஞாபகம் வைத்திருக்குமா?

கலீலுல்லா ஸ்டூலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தார்.

"யாருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. சேந்து சாப்புடலாம்னு வந்தோம்."

"இங்கியா?"

"இங்கதான்."

அவர் தடுக்கவில்லை. டயர்களை ஒதுக்கி இடம் செய்தார், கடைக் கதவைப் பாதி சாத்தினார், தண்ணீர் மொண்டு வந்தார். ரசியா சஹனை வைத்துச் சோற்றைக் குவித்தாள். நடுவில் கறி. அதன் உச்சியில் நெஞ்செலும்புத் துண்டை எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள். ரோஷன் பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்தாள்.

கலீலுல்லா சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். தன் எதிரில் இருந்த சோற்றை, ஒரு பருக்கை சிந்தாமல், ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே தின்றுகொண்டு வந்தார். துண்டின் பக்கத்துக்கு விரல் வந்தது. அங்கே நின்று, திரும்பிப் போனது. ரசியா மெதுவாகத் தின்றாள், அப்புறம் இன்னும் மெதுவாக. ரோஷன் முடித்துக் கை கழுவப் போனாள். சோறு தீர்ந்தது. செம்புத் தட்டின் நடுவில் துண்டு மட்டும் இருந்தது.

"அத்த நீங்க எடுத்துக்கறது?" என்றாள் ரசியா.

"எனக்கு வவுறு நெறஞ்சிடுச்சி. ரோஷனுக்குக் குடு." கையைத் தட்டுக்கு வெளியே உதறினார். "இத்தினி சிரமம் எதுக்கு? மடிச்ச ரொட்டியே நல்லாத்தான் கீது. அத்தயே அனுப்பு, போதும்."

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கோபமிருந்தால் அது என்றைக்காவது தணியும். இது கோபமில்லை. கை மறந்துவிட்டது, மறந்தது அதற்கே தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் அதே செல்லப்பன்தான். துண்டு தூக்கின் அடியில் வில்லியனூருக்குத் திரும்பியது. வீட்டுப் பின்பக்கம் பூனைக்குப் போட்டாள்.

8

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். பத்திரிகையிலிருந்து ஒரு வரியில் கடிதம் வந்தது: நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் வாசகிகள் பூனையை ஏற்கமாட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் பூனையைப் பிடிக்கவில்லை. பிரிந்தவர்களைப் பதினோரு வருஷமாகக் கதைகளில் சேர்த்துவைத்தே பழகிய கை என்னுடையது. அரைமணி நேரத்தில் மாற்றிவிட்டேன். கடையில், டயர்களுக்கு நடுவில், கணவனின் விரல் துண்டைத் தொட்டு நிற்கிறது. கதாநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரல் தள்ளுகிறது. தள்ளினால் மட்டும் வாசகர்களுக்குப் போதாதோ என்று ஒரு பயம் வந்து, ஒரு வசனமும் சேர்த்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது கூசுகிறது. கணவன் சொல்கிறான்:

"இந்தத் துண்டுக்கே தெரியும், இது உனக்குன்னு."

அப்போது எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

9

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரசியா சிரித்து முடித்தபின் சொன்னது இது.

முந்தின நாள், வியாழக்கிழமை, ஏழே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. கலீலுல்லா. ரசியா பையைக் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டு வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

"ரொட்டி அனுப்பிட்டேனே" என்றாள்.

"ரோசம்மாகிட்ட குடுக்கச் சொல்லிட்டேன். சோறு ஆக்கு. கறி வாங்கியாந்திருக்கேன்."

அவர் கையில் கமருதீன் கடை இலைப் பொட்டலம். அவள் அரிசி களையும்போது பாதி அரிசி கீழே போயிற்று. சஹனை எடுத்தாள். இருபத்தொரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு பாதி இறங்கியது. அவள் தட்டைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே ரேடியோவைப் பார்த்தாள்.

விரல் வந்தது. துண்டு அவள் பக்கம் நகர்ந்தது.

ரசியா என்னிடம் சொன்னாள்: "அந்த நேரம் எனக்கு இன்னா இருந்திச்சின்னு உனக்கு சொல்லத் தெரியல அம்சா. போதும், இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்னு இருந்திச்சி."

அப்புறம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இந்தத் துண்டுக்கே தெரியும்... இது உனக்குன்னு."

ரோஷன் சோறு தெறிக்கச் சிரித்தாள். "அத்தா பாடம் ஒப்பிக்கிறாரு!"

ரோசம்மாள் அந்த வாரப் பத்திரிகையை மாதச் சந்தாவில் வாங்குகிறவர். நூல் கோத்துக் கொடுத்துவிட்டு கலீலுல்லா அதை வாங்கிப் படிப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியாது. ரசியாவுக்கும் தெரியாது. பெயரை மாற்றினேனே தவிர, சஹனை மாற்றவில்லை, சைக்கிள் கடையை மாற்றவில்லை, பல் விளக்கிய டியூபைக்கூட மாற்றவில்லை.

"பன்னண்டு வருசம் ஒரு வார்த்த சொல்லாத தள்ளுனாரு" என்றாள் ரசியா. "அது அவரு தள்ளுனது. நேத்து வந்தது உன் துண்டுடி. உன் வார்த்தையில சுத்தி வந்துச்சி."

"ரசியா, அவர் படிச்சதும் மனசு உறைச்சுத்தானே வந்திருப்பாரு? அதுவும் அன்புதானே?"

"இருக்கும். யாரு இல்லன்னா?" டப்பாவை மூடினாள். "ஆனா இனிமே எது அவருது, எது உன்னுதுன்னு நான் எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் ஓடின. நான் அவள் பின்னாலேயே போய், "அப்புறம் இன்னா செஞ்ச? துண்ட சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அத்த நீயே எழுதிக்கயேன். நீதான் நல்லா எழுதுவியே."

10

முடிவுகள்.

அவள் சாப்பிட்டாள். கறி நன்றாக வெந்திருந்தது. எழுதிக் கொடுத்த வார்த்தையாக இருந்தால் என்ன, சொன்ன வாய் அவருடையது. எல்லாரும் யாரோ எழுதியதைத்தான் சொல்லிக்கொண்டு—

இல்லை. இது என்னை நானே மன்னித்துக்கொள்வது.

அவள் துண்டைத் திரும்பவும் நடுவுக்குத் தள்ளினாள். கலீலுல்லாவின் முகம் சுண்டியது. ஒரு மனிதன் வாழ்நாளில் முதல் தடவையாக வாய் திறந்து பேசியதற்கு—

இதுவும் இல்லை. அவளுக்கு அவ்வளவு கல்மனசு கிடையாது.

ரோஷனுக்குக் கொடுத்தாள். கொடுத்திருக்கலாம். பெண்கள் முடிவெடுக்க முடியாததையெல்லாம் பிள்ளைகள் தட்டில்தானே போடுகிறோம். ஆனால் ரோஷன் ஒன்பது வயதுக்காரி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னிடம்—

நிறுத்திவிட்டேன். நான் நிறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு, அது அலங்காரமல்ல. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் கலீலுல்லா ஏழே காலுக்கு வருகிறார். துண்டைத் தள்ளுகிறார். அதே வார்த்தையைச் சொல்கிறார், இப்போது திக்காமல். மற்ற நாட்களில் பை பஸ் ஏறுகிறது. ஏன் வியாழக்கிழமை மட்டும் என்று யோசித்துப் பார்த்தேன். என் கதை வந்த பத்திரிகை வெளியாகிற நாள் வியாழக்கிழமை.

அவள் சாப்பிட்டாள் என்று நான் எழுதினால், அடுத்த வியாழக்கிழமை அவர் அவள் சாப்பிடுவதற்காகக் காத்திருப்பார். நடுவுக்குத் தள்ளினாள் என்று எழுதினால், வியாழக்கிழமையும் வரமாட்டார். நான் எதை எழுதினாலும் அது அந்த வீட்டில் நடக்கும். நடந்ததும் அது அவர்களுடையதாக இருக்காது.

கலீலுல்லா பாய், இதையும் நீங்கள் படிப்பீர்களானால், தயவுசெய்து அவள் பக்கம் பார்க்காமல், பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு—

இல்லை. அவருக்கு நான் இனி ஒரு வரியும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

ஆகவே சஹன் இருக்கிறது. சோறு பாதி இறங்கியிருக்கிறது. துண்டு ரசியாவின் பக்கம் வந்து நிற்கிறது, அதைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்குகிறது. அவள் கை தட்டின் ஓரத்தில் இருக்கிறது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை மனதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எழுதி மட்டும் வைக்காதீர்கள்.

மதகடிப்பட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்.